சோதனையும் சிகிச்சையும்: அத்திபெலே சாலையில் ஒரு வரிச்சொல்லின் வரலாறு

பெங்களூரிலிருந்து ஒசூர் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் கர்நாடகத்தின் கடைசி ஊர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைக் கடந்தால் தமிழகத்தின் ஜூஜூவாடி; அதையடுத்து ஒசூர் சிப்காட். எல்லைக்கு இப்பாலும் தொழிற்பேட்டை, அப்பாலும் தொழிற்பேட்டை. அத்திபெலே என்றவுடன் இப்பகுதித் தமிழர் வாயில் முதலில் வரும் சொல் ‘செக்போஸ்ட்’. எழுத்துத் தமிழில் அது சோதனைச்சாவடி. சாலையில் சரக்கையும் ஆவணத்தையும் ஆராய்வதைக் குறிக்கும் அதே ‘சோதனை’ என்னும் சொல், ஆலை வாயிலைத் தாண்டியதும் மனித உடலை ஆராய்வதைக் குறிக்கிறது: இரத்தச் சோதனை, செவித்திறன் சோதனை, நுரையீரல் சோதனை, நெஞ்சக எக்ஸ்-ரே. இந்த இரண்டாவது சோதனைக்கு நிறுவனம் செலுத்தும் கட்டணம் ஊழியரின் வருமானத்தில் சேருமா என்பது இங்கே எடுத்துக்கொள்ளப்படும் வினா.

வினா சிறியதாகத் தோன்றும். ஓர் ஊழியருக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்; அதன் மேல் வரி சில நூறு ரூபாய். ஆயினும் இச்சிறு தொகையின் அடியில் இருவேறு சட்ட மரபுகள் ஒன்றையொன்று பாராமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. தொழிலாளர் சட்டத்தின் பார்வையில் மருத்துவச் சோதனை என்பது ஆலை நடத்துபவரின் கடமை. வருமானவரிச் சட்டத்தின் பார்வையிலோ, சம்பளத்துக்கு மேல் நிறுவனம் தரும் எதுவும் ஊழியர் பெறும் பயன். விலக்கு உண்டென்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டவை மட்டுமே அதிலிருந்து தப்பும். விலக்குப் பட்டியலில் இருக்கும் சொல் ‘மருத்துவச் சிகிச்சை’. ‘மருத்துவச் சோதனை’ அதில் இல்லை. சோதனை சிகிச்சைக்குள் அடங்குமா என்பதைச் சட்டம் விளக்கவுமில்லை.

தொழிலாளர் சட்டத்தின் மரபே காலத்தால் மூத்ததும் தெளிவானதும் ஆகும் என்பதால் அதிலிருந்து தொடங்குவது தகும். கர்நாடகத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாகக் குடியேறிய கோலார் தங்கவயல், இந்திய மண்ணில் தொழில்சார் மருத்துவச் சோதனை வேரூன்றிய இடங்களில் ஒன்று. 1880 முதல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்தில் இயங்கிய அச்சுரங்கங்களில், பாறைத் தூசு நுரையீரலில் படிவதால் வரும் சிலிகோசிஸ் நோய் நெடுங்காலம் காசநோயாகவோ பொதுவான ‘நெஞ்சுக் கோளாறாகவோ’ பேசப்பட்டது. 1940-இல் மைசூர் அரசு சிலிகோசிஸ் விதிகளை வகுத்து அதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. 1940 முதல் 1946 வரை கேப்லன், பர்டன் ஆகியோர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் நோயின் தடயம் கண்டனர்.

இந்த எக்ஸ்-ரே படங்கள் யாருக்கான பயன்? இதற்கு எளிய விடை கிடையாது. நோயைப் பெயரிட்டு நிறுவியதால் அது தொழிலாளிக்கு உதவியது. யாரைச் சுரங்கத்துக்குள் இறக்கலாம், யாரை இறக்கலாகாது என்று தெரிவு செய்ய உதவியதால் நிறுவனத்துக்கும் அது கருவியாயிற்று. சுரங்கத்தில் இறங்காதவருக்கு அந்தப் படம் தேவையே இல்லை. வேலையே உண்டாக்கிய தேவை அது. எனவே அதன் செலவை வேலை தருபவர் ஏற்பது ஈகையாக எண்ணப்படவில்லை; உற்பத்திச் செலவின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டது.

இவ்வெண்ணம் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் சட்டமொழியாகவே அமைந்தது. பதினைந்து வயது நிறைந்து பதினெட்டு நிறையாத இளையோர் ஆலையில் பணிபுரிய, சான்றளிக்கும் மருத்துவரிடம் உடற்தகுதிச் சான்று பெற வேண்டும் என்கிறது 69-ஆம் பிரிவு. அதன் இறுதி உட்பிரிவு சிறியது. ஆனால் மிகுந்த கவனத்துக்குரியது. சான்றுக்கான கட்டணத்தை ஆலை நடத்துபவரே செலுத்த வேண்டும், அதனை அந்த இளையோரிடமிருந்தோ பெற்றோரிடமிருந்தோ காப்பாளரிடமிருந்தோ மீட்டுக்கொள்ளலாகாது என்பது அதன் பொருள். கட்டணத்தை யார் கட்டுவது என்பதோடு சட்டம் நின்றுவிடவில்லை; வேறு வழியாக அது தொழிலாளியின் தலையில் இறங்கிவிடக் கூடாது என்றும் முன்னெச்சரிக்கையோடு கூறுகிறது. ‘வேறு வழி’ என்பதில் வருமானவரியும் அடங்கும் என்று 1948-இல் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆலை இளையோருக்கும் வருமானவரிக்கும் அன்று தொடர்பே இல்லை.

1984 டிசம்பரில் போபாலில் நேர்ந்த நச்சுவாயுப் பேரழிவு இம்மரபை விரிவாக்கியது. 1987-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சேர்த்த 41சி பிரிவின்படி, இடர்மிகு செயல்முறைகள் நடக்கும் ஆலையில் நச்சுப்பொருளைக் கையாளும் தொழிலாளியை வேலையில் அமர்த்துமுன் சோதிக்க வேண்டும். வேலை நீடிக்கும் காலம் முழுவதும் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத இடைவெளியில் சோதிக்க வேண்டும். அந்த வேலையிலிருந்து விலகிய பின்னரும் சோதிக்க வேண்டும். உடல்நலப் பதிவேடுகளைப் பேண வேண்டும். தொழிலாளி அவற்றைப் பார்க்க வழி இருக்க வேண்டும். 1995 ஜனவரியில், கல்நார்த் தொழிலாளர் தொடர்பாக நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் தொழிலாளியின் உடல்நல உரிமையை அரசியல் சாசனத்தின் 21-ஆம் உறுப்போடு இணைத்தது. பணியில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்த பின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை உடல்நலப் பதிவேட்டைக் காக்க வேண்டும் என்றும் பணித்தது. ஆக, தொழிலாளர் சட்ட மரபில் சோதனை என்பது தொழிலாளியின் உரிமையும் முதலாளியின் கடமையும் ஆகும். ‘சலுகை’ என்னும் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

இனி வரியின் மரபு. ஆங்கிலச் சட்டம் ‘பெர்க்விசிட்’ எனக் குறிப்பதை இக்காலத் தமிழில் ஊதியம்சாராப் பயன் என்றோ சலுகை என்றோ எழுதுகிறோம். சென்னை மாகாண வருவாய்த்துறைப் பழைய ஆவணங்களில் ஏறத்தாழ இதே பொருளில் இரு தமிழ்ச் சொற்கள் வழங்கின: மேரை, சுதந்திரம். கிராமப் பணியாளருக்கு விளைச்சலிலிருந்து வழக்கப்படி சேர வேண்டிய பங்கு அது. ‘சுதந்திரம்’ என்பதற்கு விடுதலை என்னும் பொருள் மட்டுமே எஞ்சிவிட்ட இன்று, அந்தப் பழைய பொருளில் ஒரு கூறு கருதத்தக்கது: சுதந்திரம் என்பது பணியாளர் கேட்டு வாங்கக்கூடியது. கொடுப்பவரின் வசதிக்காக நிகழும் எதுவும் அவ்வாறு அழைக்கப்படவில்லை.

ஆங்கிலேய நீதிமன்றங்கள் தொடக்கத்தில் வேறோர் அளவுகோலைக் கையாண்டன: பணமாக மாற்ற முடியுமா? 1892-இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த டென்னன்ட் எதிர் ஸ்மித் வழக்கில், வங்கிக் கட்டடத்திலேயே குடியிருக்கக் கடமைப்பட்ட வங்கி முகவர் ஒருவருக்கு அந்தக் குடியிருப்பு வருமானமாகாது எனக் கொள்ளப்பட்டது. அதை அவர் விற்கவோ வாடகைக்கு விடவோ இயலாது என்பதே காரணம். இந்த அளவுகோல் நீடித்திருந்தால் மருத்துவச் சோதனை பற்றிய வினாவே எழுந்திராது. தன் இரத்தச் சோதனை முடிவை எவரும் விற்க முடியாது. ஆனால் இந்தியாவில் 1922-ஆம் ஆண்டுச் சட்டம் 1955-இல் திருத்தப்பட்டு, வாடகையில்லா வீடு முதலிய பணமல்லாப் பயன்களும் வரிக்குள் வெளிப்படையாகக் கொண்டுவரப்பட்டன. 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, 2-ஆம் உட்பிரிவு அதன் வழித்தோன்றல்.

அவ்வுட்பிரிவின் இரு கூறுகள் இங்கே பொருந்துவன. ஒன்று, ஊழியர் தாமே செலுத்த வேண்டியிருந்த தொகையை அவருக்காக நிறுவனம் செலுத்துதல். மற்றொன்று, விதிகளால் குறிக்கப்படும் ‘வேறு பயன் அல்லது வசதி’. முதற்கூறில் மருத்துவச் சோதனை எளிதில் சிக்குவதில்லை. நிறுவனமே ஆய்வகத்தோடு ஒப்பந்தம் செய்து, சோதனை வாகனத்தை ஆலை வளாகத்துக்கே வரவழைத்தால், கட்டணம் செலுத்தும் பொறுப்பு ஒருபோதும் ஊழியருடையதாக இருக்கவில்லை. ஊழியர் தாமே ஆய்வகத்துக்குச் சென்று, கட்டி, ரசீதைக் கொடுத்துத் திரும்பப் பெற்றால் நிலைமை மாறிவிடுகிறது. ஒரே சோதனைதான், ஒரே ஊசிதான். ரசீது யார் பெயரில் என்பதைப் பொறுத்து வரியின் முகம் மாறும். இரண்டாம் கூறு வலையைப் போன்றது. 1962-ஆம் ஆண்டு விதிகளின் 3-ஆம் விதியில் வரும் எச்சப் பகுதி, வேறெங்கும் சொல்லப்படாத எந்தப் பயனையும் நிறுவனத்துக்கு ஆன செலவின் அடிப்படையில் மதிப்பிடச் சொல்கிறது. சோதனை ‘பயன்’ தானா என்பதற்கு விதி விடை தரவில்லை. பயன் என்று கொண்டால் எவ்வளவு என்பதற்கு மட்டுமே விடை தருகிறது.

நீதிமன்றங்கள் இவ்வலையின் கண்களை ஓரளவு அகலமாக்கியுள்ளன. கோழிக்கோட்டில் பணியாற்றிய எல்.டபிள்யூ. ரசல் என்னும் ஊழியர் தொடர்பாக 1964-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஊழியருக்கு உரிமையாகச் சேராத ஒன்றை அவருக்கு ‘வழங்கப்பட்ட’ பயன் என்று சொல்ல முடியாது எனக் கண்டது. வழக்கு ஓய்வூதிய நிதிக்கு நிறுவனம் செலுத்திய பங்கைப் பற்றியது. மற்றொன்று அத்திபெலேக்கு மிக அருகிலேயே, அதே ஒசூர்ச் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியில் தலைமையகம் கொண்ட இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் வழக்கு. ஊழியருக்கு வழங்கிய, ஐந்தாண்டு விற்கத் தடையுள்ள பங்குகளின் மேல் வரிப்பிடித்தம் செய்யவில்லை என்று வரித்துறை நிறுவனத்தைக் குற்றஞ்சாட்டியது. 2008 ஜனவரியில் உச்சநீதிமன்றம் துறையின் வாதத்தை ஏற்கவில்லை: ஒரு பயன் வருமானத்தின் தன்மை உடையதாக இருக்க வேண்டும், அல்லது சட்டமன்றம் அதை வருமானமென்று வெளிப்படையாகச் சேர்த்திருக்க வேண்டும், இரண்டும் இல்லையேல் வரி இல்லை. பங்குச் சந்தையைப் பற்றிய இத்தீர்ப்பை இரத்தச் சோதனைக்குப் பொருத்துவது மிகையாகத் தோன்றலாம். ஆயினும் ‘எல்லாம் சீராக உள்ளது’ என்னும் ஓர் அறிக்கை ஊழியரின் கையில் என்ன வருமானத்தைச் சேர்க்கிறது என்று கேட்க இத்தீர்ப்பு இடமளிக்கிறது. நிறுவனத்துக்கு ஆன செலவும் ஊழியருக்கு வந்த வரவும் ஒன்றல்ல.

சட்டமே மருத்துவத்துக்கு விலக்கு அளித்த வரலாறு இதனினும் சுவையானது. நிறுவனமே நடத்தும் மருத்துவமனையில் அளிக்கப்படும் சிகிச்சை, அரசு மருத்துவமனையிலோ அரசு ஒப்புதல் பெற்ற மருத்துவமனையிலோ பெற்ற சிகிச்சைக்கான செலவு, குறித்த நோய்களுக்கு வருமானவரித் தலைமை ஆணையர் ஒப்பிய மருத்துவமனையில் பெற்ற சிகிச்சைக்கான செலவு, குழுக் காப்பீட்டுத் தவணை ஆகியவை பயனாகக் கருதப்படா. இவற்றோடு, எங்கே சிகிச்சை பெற்றாலும் ஆண்டுக்குக் குறித்த தொகை வரை விலக்கு என்ற ஒரு பொதுச் சலுகையும் இருந்தது. அதன் இறுதி வரம்பு 15,000 ரூபாய். மருத்துவமனை என்பதில் மருந்தகம், கிளினிக், நர்சிங் ஹோம் அடங்கும் என்று விளக்கவுரையும் உண்டு. ஆய்வகம் அதில் பெயரால் சொல்லப்படவில்லை.

இப்பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ‘சிகிச்சை’ என்னும் சொல்லே மையம். நோய் வந்தவரைக் கருதி எழுதப்பட்ட சட்டம் இது. நோய் வந்திருக்கிறதா என்று பார்ப்பவரை அது கருதவில்லை. மொழியியல் நோக்கில் இதில் ஒரு முரண் உண்டு. வடமொழியில் ‘சிகித்ஸா’ என்பது அறிதல், கவனித்தல் என்னும் பொருளுடைய ‘சித்’ வேரின் விருப்பப் பொருள் வடிவத்திலிருந்து பிறந்தது; அறிய விழைதல், கவனம் கொள்ளுதல் என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். சொல்லின் பிறப்பில் சோதனை சிகிச்சைக்குள்ளேயே இருந்தது. சட்டத்தின் ஆங்கிலச் சொல்லுக்கு அந்த வேர் இல்லை. பிறப்பியலைக் காட்டி வரித்துறையிடம் வாதாடவும் முடியாது.

15,000 ரூபாய் வரம்பு இருந்த காலத்தில் இவ்விடைவெளி உறுத்தவில்லை. சோதனைக்கான ரசீதும் மருந்துக்கடை ரசீதோடு ஒரே உறையில் சென்றது. ஊதியப் பிரிவினர் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. 2018-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அருண் ஜேட்லி 40,000 ரூபாய் நிலையான கழிவை அறிமுகப்படுத்தியபோது, போக்குவரத்துப் படி விலக்கும் இந்த 15,000 ரூபாய் விலக்கும் ஒருங்கே நீங்கின. பெரும்பாலோருக்கு அது சிறு ஆதாயமே. ஆனால் சோதனை இதுகாறும் மறைந்து நின்ற திரை அதனால் அகன்றது.

அதற்கு முன் ஒருமுறை இரு சட்டங்களுக்கும் இடையே ஒரு பாலம் கட்டப்பட்டு, நான்கே ஆண்டில் இடிக்கப்பட்டது. 2005-இல் ப. சிதம்பரம் கொணர்ந்த விளிம்புநிலைப் பயன் வரி, ஊழியரை விட்டுவிட்டு நிறுவனத்தின் மேலேயே வரி விதித்தது. ஊழியர் நலச் செலவில் 20 விழுக்காட்டைப் பயனாகக் கொண்டு அதன் மேல் 30 விழுக்காடு வரி. நிறுவனங்கள் இதனை வெறுத்தன. கணக்கெழுதும் சுமை வரியைவிடப் பெரிது என்றன. அந்த வெறுப்பில் ஒரு நல்ல சொற்றொடர் கவனிக்கப்படாமல் போயிற்று. சட்டப்படியான கடமையை நிறைவேற்றவோ, தொழில்சார் இடர்களைத் தணிக்கவோ, நிறுவனமே நடத்தும் மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ முதலுதவி அளிக்கவோ செய்யும் செலவு ஊழியர் நலச் செலவாகக் கருதப்படாது என்று அதன் விளக்கவுரை கூறிற்று. வரிச்சட்டம் தொழிலாளர் சட்டத்தை நேருக்கு நேர் நோக்கி, ‘உன் கடமை என் பயன் அன்று’ என்று ஒப்புக்கொண்ட அரிய இடம் அது. 2009-இல் பிரணாப் முகர்ஜி அவ்வரியை நீக்கினார். பயன்கள் மீண்டும் ஊழியர் கணக்குக்குத் திரும்பின. அந்த விளக்கவுரை அவற்றோடு திரும்பவில்லை. நல்ல விதி ஒன்று கெட்ட வரியோடு சேர்ந்து புதைந்தது எனலாம். சரக்கு சேவை வரிச் சட்டத்தில் இதன் நிழல் தெரிகிறது: சுகாதாரச் சேவை முதலியவற்றுக்கு மறுக்கப்படும் உள்ளீட்டு வரிவரவு, எந்தச் சட்டத்தின் கீழேனும் நிறுவனம் அவற்றை ஊழியருக்குக் கட்டாயம் அளிக்க வேண்டியிருப்பின் மறுக்கப்படாது; 2019 பிப்ரவரி முதல் இந்நிலை. நேர்முக வரியில் அதற்கு இணையான வாசகம் இல்லை.

வருமானவரிச் சட்டத்துக்குச் சோதனை என்னும் கருத்தே தெரியாது என்று சொல்லவும் இயலாது. 2012-ஆம் ஆண்டு நிதிச்சட்டம் 80டி பிரிவில் ‘நோய்த்தடுப்பு உடல்நலப் பரிசோதனை’ என்று பெயரிட்டே 5,000 ரூபாய் வரை கழிவு அளித்தது. ஆனால் அது வரி செலுத்துவோர் தம் கைப்பணத்தில் செய்துகொள்ளும் சோதனைக்கு. புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு அதுவும் இல்லை. சிகிச்சையினின்று வேறான ஒன்றாகச் சோதனையைச் சட்டம் ஓரிடத்தில் பெயரிட்டதனால், மற்றோரிடத்தில் ‘சிகிச்சை’ என்று மட்டும் சொல்லப்பட்டதில் சோதனையும் அடங்கும் என்று வாதிடுவது முன்னைவிடக் கடினமாயிற்று. உதவும் எண்ணத்தில் சேர்த்த சொல்லே தடையாக மாறக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

கொரோனாப் பெருந்தொற்று இவ்விடைவெளியை உலகெங்கும் வெளிச்சமிட்டது. பிரிட்டனில் நிறுவனச் செலவில் ஆண்டுக்கு ஓர் உடல்நலத் திரையிடலுக்கும் ஒரு மருத்துவப் பரிசோதனைக்கும் முன்பே சட்ட விலக்கு உண்டு. அச்சட்டம் பரிசோதனையைச் சிகிச்சையிலிருந்து தெளிவாகப் பிரித்து இலக்கணம் வகுக்கிறது. ஆனால் தொற்றுச் சோதனையோ மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியது. 2020 ஜூலையில் அந்நாட்டு வரித்துறையின் வழிகாட்டுதல், நிறுவனம் செலுத்தும் கொரோனாச் சோதனைக் கட்டணம் ஊழியருக்கு வரிக்குரிய பயன் என்றது. நாடாளுமன்ற நிதிக்குழுத் தலைவர் மெல் ஸ்ட்ரைட் எதிர்ப்புத் தெரிவித்தார். சில நாட்களில் ரிஷி சுனக்கின் நிதியமைச்சகம் விலக்கு அறிவித்தது. விளிம்புநிலைப் பயன் வரியை 1986 முதல் நடத்திவரும் ஆஸ்திரேலியா, வேலை தொடர்பான மருத்துவச் சோதனை, திரையிடல், நோய்த்தடுப்பு ஆகியவற்றைச் சட்டத்திலேயே பெயர் சொல்லி விலக்கியுள்ளது. வேலையோடு தொடர்புடையதா என்பதே அங்கே அளவுகோல்.

இந்தியா வேறு வழியில் சென்றது. கொரோனா சிகிச்சைக்கு நிறுவனம் தந்த பணத்துக்கு விலக்கு என 2021 ஜூனில் அறிவிப்பு வந்தது. 2022-ஆம் ஆண்டு நிதிச்சட்டம் அதனை 2019-20 நிதியாண்டு முதல் பின்னோக்கி நடைமுறைப்படுத்தியது. 2022 ஆகஸ்டில் வெளியான நிபந்தனைகளின்படி, நோய் உறுதியானதைக் காட்டும் சோதனை அறிக்கையோ மருத்துவமனையில் மருத்துவர் உறுதி செய்த அறிக்கையோ ஊழியரிடம் இருக்க வேண்டும். துன்புற்றவருக்குக் கருணை காட்டிய இந்த ஏற்பாட்டில் குறை காண்பதற்கில்லை. எனினும் அதன் தருக்கம் கருதத்தக்கது: நோய் உண்டென்று சொல்லும் சோதனையே விலக்கின் கதவைத் திறக்கும், நோய் இல்லையென்று சொல்லும் சோதனைக்கு அக்கதவு திறக்காது. எல்லை கடந்து செல்ல அனுமதிச்சீட்டுகள் ஆராயப்பட்ட அந்தக் காலத்தில், அத்திபெலே–ஒசூர் ஆலைகளுக்குத் தேவைப்பட்டதோ நோய் இல்லையென்னும் அறிக்கைதான். அந்த அறிக்கையால் உற்பத்தி ஓடியது.

இவ்வரி உண்மையில் யாரைத் தொடுகிறது என்பதையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும். மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட ஊதியம் பெறும் ஆலைத் தொழிலாளர் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் அடங்குவர், அவர்களுக்கு வருமானவரியே இல்லை. 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி உண்டு. பணமல்லாச் சில பயன்களை வரிக்குள் இழுக்கும் ஊதிய வரம்பும், நெடுங்காலம் 50,000 ரூபாயாகவே உறைந்திருந்து, 2025 ஆகஸ்டில் 4 லட்சமாக உயர்ந்தது. எனவே இன்று இச்சிக்கல் மேற்பார்வையாளர், பொறியாளர், மேலாளர் ஆகியோரின் சிக்கல். வரி விதிக்க வேண்டும் என்பாரின் வாதமும் வலுவற்றதன்று. மேலாளருக்கும் அவர் துணைவிக்கும் பெற்றோருக்கும் பெருமருத்துவமனையில் ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ ஏற்பாடு செய்து தருவது, அப்பணத்தைச் சம்பளமாகத் தருவதற்குச் சமம். அதே சோதனையைக் கைப்பணத்தில் செய்துகொள்ளும் சிறுகடைக்காரர் முன் அதனை விலக்குவது நியாயமாகாது. குடும்பத்துக்கான சோதனை பயன்தான். ஈயத்தைக் கையாளும் பிரிவின் பொறியாளருக்கு இரத்தத்தில் ஈய அளவு பார்ப்பது பயன் அன்று. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ளதே வழக்குக்குரிய பரப்பு: சட்டம் கட்டாயப்படுத்தாவிடினும் நிறுவனம் தன் பொருட்டு நடத்தி, முடிவுகளைத் தன் கோப்பில் வைத்துக்கொள்ளும் ஆண்டுச் சோதனை.

அப்பரப்பில் பணத்தைவிடப் பெயரே முதன்மை பெறுகிறது. ஊழியருக்கு அளித்த பயன்களைப் பட்டியலிடும் படிவம் 12பிஏ-இல் ‘வேறு பயன் அல்லது வசதி’ என்னும் கட்டத்துக்குள் சோதனை நுழைந்துவிட்டால், அது ஊழியர் விரும்பிப் பெற்ற ஒன்றாகப் பதிவாகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காகவும், ஊழியர் நாடிக் கேட்கும் சேவை அல்லது பயனை வழங்குவதற்காகவும் அவருடைய தரவை ஒப்புதலின்றியே கையாள இடம் தருகிறது. வரிப்படிவத்தில் எழுதிய ஒரு சொல் தரவு பற்றிய வழக்கில் சான்றாக எடுக்கப்பட்டால், தம் இரத்தத்தின் சர்க்கரை அளவு நிறுவனத்தின் கோப்பில் இருப்பதை ஊழியர் எவ்வாறு மறுப்பார்? கோலார் எக்ஸ்-ரே படங்கள் எழுப்பிய வினாதான் இது.

2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்புச்சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. குறித்த வயதினருக்கோ வகையினருக்கோ கட்டணமின்றி ஆண்டுதோறும் உடல்நலப் பரிசோதனை அளிப்பதை அதன் 6-ஆம் பிரிவு வேலை தருபவரின் கடமைகளுள் ஒன்றாக்குகிறது. 40 வயதைக் கடந்தோருக்கு அது கிடைக்கும் என்று மத்திய அரசு அறிவித்தது. ‘கட்டணமின்றி’ என்னும் சொல், 1948-இல் இளையோருக்கு மட்டும் சொல்லப்பட்ட காப்பை முதியோர் பக்கம் கொண்டு செல்கிறது. இதே காலப்பகுதியில் 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2026 ஏப்ரல் 1-ஐத் தன் தொடக்க நாளாகக் கொண்டது. மொழியை எளிமையாக்குவதே அதன் நோக்கம் என்று சொல்லப்பட்டது. மருத்துவ விலக்குகள் அதில் ‘சிகிச்சை’ என்னும் பழைய சொல்லை ஒட்டியே அமைந்துள்ளன.

ஆகவே அத்திபெலே ஆலை ஒன்றில், ஒரே நாளில், ஒரே சோதனை வாகனத்தின் முன் 41 வயதுப் பொறியாளர் ஒருவரும் 38 வயதுப் பொறியாளர் ஒருவரும் வரிசையில் நிற்பதாகக் கொள்வோம். முன்னவருக்கு நடப்பது நிறுவனத்தின் சட்டக் கடமை. பின்னவருக்கு நடப்பது அதே நிறுவனத்தின் முடிவால் நடக்கும் அதே சோதனை. விளிம்புநிலைப் பயன் வரியின் அந்தப் பழைய விளக்கவுரையை, ‘தொழில்சார் இடர்களைத் தணிக்க’ என்னும் சொற்களோடு, புதிய சட்டத்தின் விலக்குப் பட்டியலில் ஒரு வாக்கியமாகச் சேர்த்தால் இருவருக்கும் விடை கிடைத்துவிடும். அதுவரை, ஆண்டு முடிவில் படிவத்தை நிரப்பும் ஊதியப் பிரிவு எழுத்தரே இருவர் பெயருக்கும் எதிரே என்ன எழுதுவது என்று முடிவு செய்கிறார்.